முந்நூறு கட்டத்துக்கு நாலு மாத்தாள்

1.

இடுப்பு பிடித்துக்கொண்டு இன்றோடு மூன்று நாள். குப்புறப் படுத்து, நெஞ்சுக்கு அடியில் தலையணையைக் கொடுத்துத்தான் இதை எழுதுகிறேன். எங்காவது வாக்கியம் கோணலாக நின்றால் குற்றம் இடுப்பைச் சேரும்.

வலி வந்த வழியைச் சொன்னால் கதை வந்த வழியையும் சொன்னதாகிவிடும். கொல்லிமலையில் பாவாயி என்றொரு பெண் இருக்கிறாள். இருபத்தாறு வயது. திங்கள் முதல் சனி வரை செம்மேட்டில் ஓர் உரக்கடையின் மாடியில் கம்ப்யூட்டர் வேலை, ஞாயிற்றுக்கிழமை சொந்தக் காட்டில் (மலையில் நிலத்தைக் காடு என்பார்கள்) வேலை. நீங்கள் வாசிக்கப்போகிற கதையை அவளை ஒரு ஞாயிறு முழுக்க உட்காரவைத்துக் கேட்டேன். கேட்டு முடித்து, படித்தவர்கள் செய்கிற மாதிரி நன்றி சொன்னேன்.

"நன்றிய வெச்சு என்னுங்க பண்றது? எனக்கு ஒரு நாள் வேலை கெட்டுப்போச்சு. ஒரு நாளைக்கு ஆளா வந்துடுங்க" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை போன் வந்தது. "நாளைக்குக் கிழங்கு புடுங்கறோம். ஆறு மணிக்கெல்லாம் காட்டுல இருக்கோணும்."

போனேன். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. குச்சியின் அடியைப் பிடித்து, ஆட்டி, முதுகை நிமிர்த்தாமல் மேலே இழுக்க வேண்டும். நான் கல் குவாரியில் சல்லி உடைத்த வீட்டில் பிறந்தவன்தான், பதினெட்டு வயது வரை சட்டி சுமந்தவன்தான். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து பதினைந்து வருஷமாகிறது. மத்தியானத்துக்குள் உடம்பு எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிட்டது.

இதற்கு மலையில் மாத்தாள் என்று பெயர். இன்றைக்கு என் காட்டுக்கு நீ வா, நாளைக்கு உன் காட்டுக்கு நான் வருகிறேன். கையில் காசு தருவதில்லை. மத்தியானம் சோறு உண்டு. இந்தச் சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் நடந்த தப்பும் இதுதான், நல்லதும் இதுதான்.

2.

தொடங்கிப் பார்த்த தொடக்கங்கள்:

"அலைகள் அன்றிரவு அழுதன. படகின் விளிம்பைப் பற்றியிருந்த அந்தப் பிஞ்சுக் கைகள்"

இதோடு நிறுத்தினேன். நிறுத்தியது யமுனா, பாவாயியோடு வேலை செய்கிற பெண். கதை அவளுடையது என்பதால் எழுதியதைப் போனில் அனுப்பியிருந்தேன். பதிலுக்குக் குரல் அனுப்பினாள். பின்னால் பாவாயி சிரிப்பது கேட்டது.

"இது ஆருங்க? நான் பொறந்தது கீழ, நாமக்கல் பக்கம் முகாம்ல. எங்க அம்மாவே அஞ்சு வயசுல வந்தவங்க. நான் கடலைப் பாத்ததே காலேஜ் டூர்லதான். காலை நனைச்சேன், ஒரு செருப்பு போயிடுச்சு. கடலுக்கும் எனக்கும் உள்ள பகை அவ்வளவுதான்."

இரண்டாவது: "தொழில்நுட்பம் மலையேறியது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, நம்பிக்கையின் ஒளி" — இது கம்பெனிக்காரர்கள் அச்சடிக்கிற வழுவழுப்பான தாளின் வாசனை அடித்தது. கிழித்தேன்.

மூன்றாவது தொடக்கம் கீழே இருக்கிறது. அதில் ஒளி எதுவும் கிடையாது.

3.

யமுனாவுக்கு இருபத்திரண்டு வயது. பி.காம். அப்பா பெயின்ட் அடிக்கிறவர், அந்த இலங்கை அகதிகள் முகாமில் முக்கால்வாசி ஆண்களுக்கு அதுதான் பிழைப்பு. படிப்பு முடிந்து இரண்டு இடத்தில் நேர்காணலுக்குப் போனாள். கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னாள். விலாசம் என்ற கட்டத்தில் முகாம் என்று எழுதியதும் எதிரே இருந்த முகம் கொஞ்சம் பின்னால் போகும். "சொல்லி அனுப்பறோம்மா." யாரும் சொல்லி அனுப்பவில்லை.

மூன்றாவதாக ஒரு கம்பெனி. (பெயர் வேண்டாம். திட்டினாலும் விளம்பரம், புகழ்ந்தாலும் விளம்பரம்.) முகாம் பிள்ளைகளையும் மலைப் பிள்ளைகளையும் சேர்த்து ஐந்து பேரை எடுத்து, செம்மேட்டில் ஓர் அறை பிடித்தது. பயிர்களுக்கு நோய் வந்தால் போன் கேமராவில் காட்டினாலே பெயர் சொல்கிற ஒன்றை அவர்கள் தயாரிக்கிறார்கள். அதற்கு முன்னால் யாராவது லட்சக்கணக்கான இலைப் படங்களைப் பார்த்து, நோய் உள்ள இடத்தைச் சுற்றிக் கட்டம் போட்டு, இது தேமல், இது மாவுப்பூச்சி என்று எழுதிக்கொடுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு முந்நூறு கட்டம். ஆளுக்கு ஒரு கணக்கு, ஒரு கடவுச்சொல்.

வேலை பிடித்திருந்தது. பாவாயி வீட்டிலேயே தங்கிக்கொண்டாள். தேமல் எது, வெயிலில் வெளுத்த இலை எது என்று கண்டுபிடிக்க யமுனாவுக்கு ஒரு மாதம் பிடித்தது. பாவாயிக்கு ஒரு நொடி போதும். "எங்க காட்டுல வருஷா வருஷம் பாக்கறனே, புள்ள. இது தேமல் இல்ல, தண்ணி நின்னது."

ஆறு மாதம் சோதனைக் காலம். முடிந்தால் நிரந்தர வேலைக்கான கடிதம். யமுனாவுக்குக் கடிதம்தான் முக்கியம். அவள் பெயர் போட்ட காகிதங்கள் நிறைய உண்டு, ஒவ்வொன்றிலும் முகாமின் முத்திரையும் உண்டு. யமுனா, பணியாளர் என்று மட்டும் போட்ட காகிதம் ஒன்றுகூட இல்லை. கடிதம் வந்ததும் வீட்டுக் கதவுக்கு நீலப் பெயின்ட் அடிப்பேன் என்று அப்பா சொல்லியிருந்தார். எங்கோ வேலை செய்த இடத்தில் மிச்சமான அரை டப்பா நீலம் கட்டிலுக்கு அடியில் காத்திருந்தது.

சிக்கல் ஒரு விதியில் இருந்தது. சோதனைக் காலத்தில் ஒரு நாள் வராவிட்டாலும் அந்த மாதம் கணக்கில் சேராது. முகாமிலோ மாதத்துக்கு ஒரு நாள் பேர் கூப்பிடுவார்கள். கூப்பிடும்போது ஆள் நிற்க வேண்டும்.

முதல் மூன்று மாதம் அது ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. நாலாவது மாதம் செவ்வாய்க்கிழமை.

(விதி எழுதியவர் கெட்டவர் இல்லை. மாதம் ஒருமுறை தான் இருப்பதை நிரூபிக்க வேண்டிய ஆட்கள் உலகத்தில் உண்டென்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். இந்தக் கதையில் வில்லன் வேண்டுமென்று மூன்று நாளாகத் தேடுகிறேன். கிடைக்கவில்லை. இடுப்பைத் தவிர.)

4.

இங்கே ஒரு நிமிஷம் கதையை நிறுத்தி என் அபிப்பிராயம் ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். அவசரம் உள்ளவர்கள் ஐந்தாம் பகுதிக்குத் தாவலாம்.

உதவி செய்கிறோம் என்று கம்பெனிகள் வரும்போது கையில் எதையாவது தூக்கிக்கொண்டு வருகின்றன. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு கம்பெனி முகாமுக்கு இருபது பழைய லேப்டாப் கொடுத்தது. மேடை, மாலை, போட்டோ. சார்ஜர் பதினொன்றுதான் இருந்தது. யமுனா வீட்டுக்கு வந்தது சார்ஜர் இல்லாதது. ஜன்னல் திரை காற்றில் பறக்காமலிருக்க அதை ஓரத்தில் வைத்திருக்கிறார்கள். நல்ல கனம், உழைக்கிறது.

சல்லி உடைத்த எங்கள் தெருவுக்கும் அப்போதெல்லாம் யாராவது வந்து நோட்டு, பேனா, பெல்ட் கொடுப்பார்கள். இடுப்பில் நிற்காத கால்சட்டைக்குப் பெல்ட் உண்மையிலேயே உதவியது, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் அப்பா எதிர்பார்த்தது பெல்ட்டை இல்லை. கூலி, நேரத்துக்கு, பேசியபடி. வேலை கொடுப்பதுதான் உதவி. கொடுத்த வேலையில் அந்த மனுஷனின் வாழ்க்கை எங்கே இடிக்கிறது என்று பார்த்து, இடிக்கிற இடத்தில் விதியைக் கொஞ்சம் செதுக்குவது அதைவிடப் பெரிய உதவி. அதற்கு மேடை தேவைப்படாது. போட்டோவும் வராது. அதனால்தான் அபூர்வமாக நடக்கிறது போலிருக்கிறது.

பிரசங்கம் முடிந்தது.

5.

திங்கட்கிழமை சாயங்காலம் யமுனா மேற்பார்வையாளர் ஸ்டெல்லாவிடம் போய் நின்றாள். ஸ்டெல்லா சமவெளியிலிருந்து வந்தவர், நல்லவர், தன் வேலை போய்விடுமோ என்று பயந்தவரும்கூட.

"ரூல் அப்படிம்மா. நான் என்ன பண்ணட்டும்?"

போனில் அம்மா கேட்டாள், நாளைக்கு வருவாய்தானே என்று. "ஓம் அம்மா, வருவன்." வைத்துவிட்டுத் திரும்பி, "போயிட்டு வாரனுங்க அக்கா" என்றாள் பாவாயியிடம். அம்மாவிடம் ஒரு தமிழ், மலையில் ஒரு தமிழ். இரண்டையும் செருப்பு மாற்றுவதுபோல் மாற்றுவாள்.

(முதல் பிரதியில் இந்த இடத்தில் யமுனாவை அழவைத்திருந்தேன். பாவாயி படித்துவிட்டு, "அவ எங்கீங்க அழுதா? ரெண்டு தட்டு களி தின்னுட்டுப் படுத்துத் தூங்கினா" என்றாள். கண்ணீரை எடுத்துவிட்டேன். களியைச் சேர்த்துக்கொண்டேன்.)

செவ்வாய் காலை முதல் பஸ்ஸில் யமுனா இறங்கிப் போனாள். ஒன்பது மணிக்கு மற்ற நால்வரும் அறைக்கு வந்தார்கள். பாவாயி, பூபதி, கோகிலவாணி, சுகுணா. யமுனாவின் நாற்காலி காலி.

"காட்டுக்காரி ஊர்ல இல்லாட்டி காடு சும்மா கெடக்குமா?" என்றாள் பாவாயி. "வாங்க, மொதல்ல அவளுத முடிச்சுப் போடலாம்."

கடவுச்சொல் யாருக்கும் ரகசியமில்லை. யமுனா தட்டும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டுவாள். நாலு கம்ப்யூட்டரிலும் யமுனாவின் கணக்கைத் திறந்தார்கள். ஆளுக்கு எழுபத்தைந்து. காட்டில் வரிசை பிடிக்கிற மாதிரி. ஒருவர் தடுமாறினால் மற்ற மூவரும் எழுந்து வந்து பார்த்தார்கள். "அது செம்பேனு", "இல்லடா, மாவுப்பூச்சி, காம்புல பாரு", "உன்ற கண்ணுல பூச்சி." பதினொன்றரைக்கு முந்நூறும் முடிந்தது. பிறகு அவரவர் வேலை. சாயங்காலம் ஏழாகிவிட்டது. யாரும் முனகவில்லை.

இதுவரை எந்த இயந்திரமும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. கம்பெனியின் கண்காணிப்பு தூங்கிக்கொண்டிருந்தது. விஷயம் வெளியே வந்தது பாவாயியால்.

ஒவ்வொரு நாள் முடிவிலும் குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு. எல்லோரும் அதைக் காலியாக விடுவார்கள். காட்டு வேலையில் ஒரு முறை இருக்கிறது. மாத்தாளாகப் போய்ச் செய்ததை உரியவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சொல்லாமல் போனால் அது திருட்டுப் போல. ஆகவே பாவாயி, யமுனாவின் கணக்கிலேயே, அந்தக் கட்டத்தில் தட்டினாள்:

"யமுனா முகாமுக்குப் போயிருக்குதுங்க. முந்நூறையும் நாங்க நாலு பேரு மாத்தாளா வந்து முடிச்சுட்டோம். தப்பு இருந்தா எங்களைக் கேளுங்க, அதைக் கேக்க வேண்டாம். இப்படிக்கு பாவாயி, பூபதி, கோகிலவாணி, சுகுணா."

6.

புதன்கிழமை காலை ஐந்து கணக்கும் பூட்டிக் கிடந்தன. யமுனாவின் திரையில் கூடுதலாக ஒரு வரி: வேறு நபரைக் கொண்டு பணி செய்ததால் ஒப்பந்தம் ரத்து செய்யப்படலாம்.

பத்து மணிக்கு வீடியோவில் விவேக் வந்தார். பெங்களூரில் இருக்கிற மேலாளர், யமுனாவைவிட எட்டு வயது பெரியவராக இருக்கலாம்.

"யமுனா, உங்க லாகின்ல வேற ஆளுங்க வேலை பாத்திருக்காங்க. கம்பெனில இதுக்குப் பேரு மோசடி."

யமுனா வாயைத் திறக்குமுன் பாவாயி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "ஏனுங்க சார், மோசடி பண்றவன் பேரு ஊரெல்லாம் எழுதி வெச்சுட்டா பண்ணுவான்?"

திரையில் அசைவில்லை. நெட்வொர்க் போய்விட்டதென்று ஸ்டெல்லா பெட்டியைத் தட்டிப் பார்த்தார். போகவில்லை. விவேக்தான் அந்தக் குறிப்பை மறுபடியும் படித்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு முந்நூறுல எத்தனை தப்புங்க சார்?"

அவர் எதையோ தட்டிப் பார்த்தார். "ரெண்டு."

"மத்த நாள்ல?"

"ஒவ்வொருத்தருக்கும் பதினஞ்சு, இருபது..."

"அந்த ரெண்டும் நான் போட்டதுங்க" என்றான் பூபதி பின்னாலிருந்து. சுகுணா அவன் காலை மிதித்தாள்.

அப்போதுதான் யமுனா பேசினாள். (இந்தப் பேச்சை நான் அழகுபடுத்தப் பார்த்தேன். கைவைக்க இடமில்லை.)

"சார், மாசம் ஒரு நாள் நான் முகாம்ல நிக்கணும். நிக்கலைன்னா அங்க என் பேரை எடுத்துடுவாங்க. இங்க வரலைன்னா நீங்க எடுத்துடறீங்க. ஒரே நாள்ல ரெண்டு எடத்துல நிக்க எனக்குத் தெரியலை. இவங்களுக்குத் தெரிஞ்சுது."

விவேக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் நேர்ல வர்றேன்" என்றார்.

7.

வந்தார். ஞாயிற்றுக்கிழமை. நாற்பத்து மூன்றாவது வளைவில் வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தார் என்பதைக் கூட வந்த ஸ்டெல்லாவே சொன்னார். ஸ்டெல்லா அன்றைக்குச் சர்ச்சுக்குப் போகவில்லை, அந்த வருத்தமும் முகத்தில் இருந்தது.

அறையில் யாரும் இல்லை. ஐந்து பேரும் பாவாயி காட்டில். யமுனா மாத்தாளைத் திருப்பிக்கொண்டிருந்தாள். நாலு பேர் ஆளுக்குக் கால் நாள் செய்ததற்கு ஏன் பாவாயி காட்டில் மட்டும் ஒரு முழு நாள் என்று கேட்டேன். மற்ற மூவரும் பாவாயிக்கு வேறு எதற்கோ பாக்கியாம், அது இதில் கழிகிறதாம். மூன்று தடவை சொன்னார்கள். விளங்கவில்லை. அவர்களுக்குள் தகராறு இல்லை, அது போதும்.

விவேக் வரப்பில் நின்று பார்த்தார். நாரத்தங்காய் ஊறுகாயை நக்கச் சொல்லிக் கொடுத்தாள் பாவாயி, வாந்திக்கு நல்லதென்று. முகம் தெளிந்ததும் கேள்வி வந்தது.

"யார் எவ்வளவு புடுங்கினாங்கன்னு எப்படித் தெரியும்?"

"அதை ஆரு பாக்கறாங்க சார்? காடு முடிஞ்சுதான்னு பாப்போம்."

"ஒருத்தர் வேலை செய்யாம சும்மா நின்னா?"

பாவாயி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நின்னா தெரியுமுங்க. இப்ப நீங்க நிக்கறது தெரியுதல்லோ."

ஸ்டெல்லா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. விவேக் பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினார். ஒரு குச்சியைப் பிடித்து இழுத்தார். குச்சி கையோடு வந்தது, கிழங்கு மண்ணோடு நின்றது. அவர் பொத்தென்று உட்கார்ந்தார். யமுனா கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். "ஒடிஞ்ச கெழங்கை ஆலைக்காரன் வாங்க மாட்டானுங்க சார், அதை நீங்களே வேவிச்சுத் தின்னுக்கோங்க" என்றாள். போகும்போது பையில் போட்டும் கொடுத்தாள்.

(விவேக்கை இரக்கமில்லாதவராக எழுதிய ஒரு பிரதி இருந்தது. கதைக்கு அது விறுவிறுப்பாகத்தான் இருந்தது. "பாவமுங்க, அந்தாளு மூணு மணி வரைக்கும் காட்டுல இருந்தாரு" என்று பாவாயி சொல்லிவிட்டாள். கிழித்தேன். விறுவிறுப்பு குறைந்தால் அவளைக் கேளுங்கள்.)

செவ்வாய்க்கிழமை கணக்குகள் திறந்தன. ஒரு வாரத்தில் புது விதி வந்தது. ஐந்து பேரும் ஒரு குழு. நாளுக்கு ஆயிரத்து ஐந்நூறு கட்டம். எதை யார் போட்டார் என்று கம்பெனி கேட்காது. ஒருவர் வராத நாளில் மற்றவர்கள் முடித்தால் அவருடைய மாதம் உடையாது. அந்த விதிக்குக் கம்பெனிக் கோப்பில் பெயர் வைக்க வேண்டியிருந்தது. விவேக் வைத்த பெயர், மாத்தாள். வேறு ஊர்களில் இருக்கிற அவர்களுடைய அறைகளுக்கும் அதே பெயரில் போயிருக்கிறதாம். அங்கே உள்ளவர்கள் அதை எப்படி உச்சரிக்கிறார்கள் என்று நினைத்து நினைத்துச் சிரிக்கிறாள் சுகுணா.

8.

இங்கே நிறுத்தினால் நல்ல கதை. நிறுத்த முடியவில்லை. புது விதி அது வந்த நாளிலிருந்துதான் செல்லும். யமுனா முகாமுக்குப் போன செவ்வாய்க்கிழமை அதற்கு முந்தியது. யமுனாவின் நாலாவது மாதம் கணக்கில் சேருமா சேராதா என்று தலைமை அலுவலகம் யோசித்துக்கொண்டிருக்கிறது. ஆறு மாதம் முடிந்து பத்து நாளாகிறது. மற்ற நால்வருக்கும் கடிதம் வந்துவிட்டது. யமுனாவின் திரையில் "பரிசீலனையில்" என்று இருக்கிறது. தினமும் காலையில் அதைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கும் பரிசீலிக்கறாங்க, பாவம், கண்ணு வலிக்காதா" என்று சொல்லிவிட்டுக் கட்டம் போட உட்காருகிறாள்.

முடிவு அ: கடிதம் வந்தது. அப்பா கட்டிலுக்கு அடியிலிருந்து நீல டப்பாவை இழுத்தார். மூடி இறுகிப்போயிருந்தது. யமுனா ஒரு கரண்டிக் காம்பை எடுத்து

வேண்டாம். இதை எழுதிவிட்டால் உங்களுக்கு மனசு நிறைந்துவிடும். கம்பெனிக்கு ஒரு வேலை மிச்சமாகிவிடும்.

முடிவு ஆ: கடிதம் வரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு கடைசி பஸ்ஸில்

இதைப் பாவாயி கோடு போட்டு அடித்தாள். ஓரத்தில் எழுதியும் வைத்தாள்: "இப்படி எழுதினா இன்னொரு ஞாயித்துக்கிழமை வரோணும்." என் இடுப்பு அவள் பக்கம் சேர்ந்துகொண்டது.

ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். இதை வாசிக்கிறவர்களில் யாராவது ஒருவர் ஏதோ ஒரு கம்பெனியில் விதி எழுதுகிற நாற்காலியில் இருக்கக்கூடும். அவர் லேப்டாப் எதையும் அனுப்ப வேண்டாம். திரை பறக்காமலிருக்க ஏற்கனவே ஒன்று இருக்கிறது.

9.

பிரதியைத் திருத்திக் கொடுத்ததில் பாவாயிக்கு இன்னொரு அரை நாள் கெட்டது. இடுப்பு நிமிர்ந்ததும் போய்க் கழித்துவிடுவேன். விவேக் இரண்டு வாரத்துக்கு முன்னால் திரும்பவும் வந்து, இந்தத் தடவை ஐம்பத்தெட்டாவது வளைவு வரை தாக்குப்பிடித்து, ஒரு மணி நேரம் கிழங்கு பிடுங்கிவிட்டுப் போனார். ஒன்றும் ஒடியவில்லை. தன் கணக்கில் அவருடைய பாக்கி தீர்ந்தது என்று பாவாயி சொல்லிவிட்டாள்.

யமுனாவுக்கு வர வேண்டிய வேலைக் கடிதம் ஒன்று இருக்கிறது. கம்பெனி அதை இன்னும் தரவில்லை.